சிஞ்ஞோரா எர்சிலியாவின் மலைப் பரீட்சை

சிஞ்ஞோரா எர்சிலியாவின் இடது சப்பாத்தை ஞானம்பிகை கழற்றி முடிப்பதற்குள், வலது காலைக் கோபாலசிங்கம் எட்டிப் பிடித்துவிட்டார்.

"அண்ணை, காலை விடுங்கோ."

"ஏன் பிள்ளை, ரெண்டு கால் இருக்குதுதானே. உனக்கொண்டு, எனக்கொண்டு."

"ரெண்டும் என்ர. இந்தக் காலுக்கு வருஷக்கணக்கா சப்பாத்துப் போட்டுவிடுறது நான்."

"போடுறது நீதான். கழட்டுறது ஆரெண்டு இண்டைக்குத் தெரியும்."

இருவர் முகத்திலும் புன்னகை. குரலில் பக்தி. இத்தாலிய அம்மையாரான சிஞ்ஞோராவுக்குத் தமிழ் தெரியாது. அதனால் எதை வேண்டுமானாலும் கதைக்கலாம், முகத்தை மட்டும் கவனமாக வைத்துக்கொண்டால் போதும். அவரோ இரண்டு கைகளையும் பாதையோரத்துக் கல்சுவரில் ஊன்றி, லாடம் அடிக்க நிறுத்திய குதிரையின் பொறுமையோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சொல்கிறீர்கள்? பிரார்த்தனையா?" என்று இத்தாலியனில் கேட்டார்.

"ஆமாம் சிஞ்ஞோரா. மலை ஏறுமுன் சொல்வது," என்றாள் ஞானம்பிகை, அதே இத்தாலியனில்.

"இரண்டு பேரும் மாறி மாறித்தான் சொல்ல வேண்டும்," என்று கோபாலசிங்கம் சேர்த்துக்கொண்டார். சொல்லிக்கொண்டே வலது சப்பாத்தை உருவியும்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை. இத்தாலியின் பலெர்மோ நகரத் தலைமாட்டில் நிற்கும் பெல்லெக்ரீனோ மலை. உச்சியில், குகைக்குள், புனித ரொசாலியா. இந்த நகரிலுள்ள யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு ஞாயிறு என்றால் இந்தக் கற்பாதைதான். வெறுங்காலோடு ஏறி, முருகனிடம் கேட்டுக் கிடைக்காததை ரொசாலியாவிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு இறங்குவார்கள்.

ஆனால் இன்றைக்கு ரொசாலியாவைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. இன்றைக்கு நடப்பது பரீட்சை.

சிஞ்ஞோரா எர்சிலியா இளைப்பாறிய வேதியியல் பேராசிரியை. தன் காலத்தில் பாதி நகரத்தைப் பரீட்சையில் விழுத்தியவர். இப்போதும் அவர் ஒரு மருந்துக்கடைக்குள் நுழைந்தால் உள்ளே நிற்கும் ஐம்பது வயது மனிதர் எழுந்து நின்று கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். அப்பேர்ப்பட்டவர் வெறுங்காலைக் கல்லில் வைத்தார். முகம் சுளித்தார்.

"அங்கேயும் இப்படித்தானா?"

"ஆமாம்," என்றார்கள் இருவரும், ஒரே மூச்சில்.

"நான் படித்ததில் இது இல்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்வதால் ஆளுக்குப் பதினெட்டு."

முப்பதுக்குப் பதினெட்டு. இந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தில் அது மயிரிழையில் தேர்ச்சி.

ஞானம்பிகை தொண்டையைச் செருமிக்கொண்டாள். இந்தப் பரீட்சையில் அவள் தோற்கவே கூடாது. தோற்றால், அக்காவின் மகள் சுலக்சனாவின் கலியாணத்தையும் அவள் மேளக்காரனின் முதுகாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

*

வினை தொடங்கியது குளியலறையில்.

லிபெர்த்தா பகுதியில் சிஞ்ஞோராவின் மாடிவீடு. அன்றைக்கு, அங்கே வீட்டுவேலை பார்க்கும் ஞானம்பிகை அவருடைய தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஏணி போட்டு ஏறி கோபாலசிங்கம் பல்ப் மாற்றிக்கொண்டிருந்தார். அவர் அந்தக் கட்டடத்தின் வாசற்காவலர். கீழே கண்ணாடி அறைக்குள் இருந்துகொண்டு யார் வருகிறார், யார் போகிறார், யார் வீட்டில் என்ன சமையல் என்பதுவரை தெரிந்து வைத்திருப்பார்.

"மே மாதம் நான் ஒரு பயணம் போகிறேன்," என்றார் சிஞ்ஞோரா, சாயம் காதுக்குள் வழியாமல் தலையைச் சாய்த்தபடி. "உங்கள் பக்கத்துக்குத்தான். ஒரு மலை. உச்சியில் புத்தர் கோயில். உலகத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்களாம். பெயர்தான் வாயில் நிற்கவில்லை. நீ கேள்விப்பட்டிருப்பாய், அந்த..."

வாக்கியம் முடியவில்லை. முடிக்க ஞானம்பிகை விடவில்லை. மே என்றால் வைகாசி. வைகாசி என்றால் கலியாணம்.

"போயிருக்கிறேன் சிஞ்ஞோரா."

வாய் தானாகச் சொன்னது. சொல்லிவிட்டு வாயே திடுக்கிட்டது.

"நானும்," என்று ஏணியின் உச்சியிலிருந்து ஒரு குரல் வந்தது. "இரண்டு தடவை."

புத்தர், மலை, நம்முடைய பக்கம். இந்த மூன்றையும் கூட்டினால் வருவது சிவனொளிபாதமலை. சிங்களவர் ஸ்ரீபாத என்பார்கள். இலங்கையில் பிறந்த எவருக்கும் கைவந்த கணக்கு. ஆனால் கணக்குத் தெரிவது வேறு, போய் ஏறுவது வேறு. ஞானம்பிகையின் ஊர் பண்டத்தரிப்பு. அவள் குமராக இருந்த காலத்தில் சண்டை, பாதை பூட்டு. கொழும்புக்கு ஒரே ஒருமுறை வந்தாள், அதுவும் நேரே விமானநிலையத்துக்கு. யாழ்ப்பாணத்திலோ மலை கிடையாது, மேடுகூடக் கிடையாது. கீரிமலை என்று ஒன்று இருக்கிறது; போய்ப் பார்த்தால் கேணி. ஞானம்பிகை தன் வாழ்நாளில் ஏறிய ஒரே மலை இந்தப் பெல்லெக்ரீனோதான்.

போயிருக்கிறேன் என்று சொன்ன பிறகு, "எந்த மலை சிஞ்ஞோரா?" என்று எப்படிக் கேட்பது?

சிஞ்ஞோராவுக்கு ஒரே சந்தோஷம். சுற்றுலா வழிகாட்டிகளை அவர் நம்புவதில்லை. எகிப்தில் ஒரு வழிகாட்டி கம்பளம் விற்றான். இஸ்தான்புல்லில் இன்னொருவன் விற்றான். மொரோக்கோவில் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியே ஒன்றைச் சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டான். இப்போது கூடத்தில் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கதவு சரியாகத் திறப்பதில்லை.

"ஒருவரைத்தான் கூட்டிப்போவேன்," என்றார் சிஞ்ஞோரா. "மலை முடிந்த பிறகு ஒரு வாரம் நான் ஹோட்டலில் காலை நீட்டிப் படுத்துவிடுவேன். கூட வருபவருக்கு அந்த வாரம் முழுக்க விடுமுறை. எங்கே வேண்டுமானாலும் போகட்டும்."

ஒரு வாரம். யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏற, கலியாண வீட்டில் நிற்க, திரும்பி வர, எல்லாவற்றுக்கும் தாராளம்.

அக்கா யோகாம்பாளின் மூத்தவள் கலியாணத்தின்போது ஞானம்பிகையால் போக முடியவில்லை. வட்ஸ்அப்பில் பார்த்தாள். யாரோ புண்ணியவான் போனைப் பூச்சாடியில் சாய்த்துவைத்த கோணத்தில் தாலி கட்டு முழுவதும் மேளக்காரனின் முதுகுதான் தெரிந்தது. இந்தமுறை, "ஆலாத்தி எடுக்கிறது நீதான், வராட்டி நான் உன்னோட கதைக்கமாட்டன்," என்று அக்கா முடிவாகச் சொல்லிவிட்டாள். வருடத்து விடுமுறையோ போன வருடக் கடைசியில், மகள் கேசிகாவுக்கு அப்பெண்டிக்ஸ் வெட்டியபோதே தீர்ந்துவிட்டது.

கோபாலசிங்கத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. கொக்குவிலில் அவர் கட்டிய வீட்டின் வேலியைப் பக்கத்து வீட்டுக்காரன் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் நகர்த்துகிறானாம். வேலி நடந்து வருகிறது என்பார். கிணற்றடிக்கு வந்து சேருவதற்குள் ஒருமுறை போய் அளந்துவிட வேண்டும்.

"யார் நன்றாகத் தெரிந்தவர் என்று பார்த்துவிடுவோம்," என்றார் சிஞ்ஞோரா, சாயத் தொப்பிக்குள்ளிருந்து. "அந்த மலையில் செய்ய வேண்டியதையெல்லாம் இந்த மலையில் செய்து காட்டுங்கள். எழுத்துப் பரீட்சை இல்லை. செய்முறை மட்டும்."

*

அன்று மாலை, ஒரேத்தோவில், தன் வீட்டுக் குசினியில் ஞானம்பிகை மகள் கேசிகாவைப் பிடித்துக்கொண்டாள். கேசிகா தாதியர் படிப்புக்காரி. எப்போதும் ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக அவசரத்தில் இருப்பாள்.

"பிள்ளை, புத்தர் மலை, உச்சியில கோயில், அங்கை போனா என்ன செய்யிறது எண்டு ஒருக்காப் பார்."

"எந்த மலை, மா?"

"எங்கட மலைதான். அடி, வரும்."

கேசிகா இத்தாலியனில் அடித்தாள். வந்தது. "கேபிள் கார் இருக்காம். குரங்கு பையைப் பறிக்குமாம். குளிருக்குக் கோட்டு வாடகைக்குக் குடுப்பினமாம். சங்கிலியில பூட்டுப் போடுறவையாம். உச்சியில தங்கச் சிலை, யானையில இருக்கிறாராம். முகில் கடல் மாதிரித் தெரியுமாம்."

"எங்கட நாட்டில எப்ப கேபிள் கார் வந்தது?"

"நீங்கள் வெளிக்கிட்டு எவ்வளவு காலம், மா. எல்லாம் வந்திருக்கும். பாஸ்தா, போதும், நான் லேட்."

நியாயமான பேச்சாகத்தான் பட்டது. ஞானம்பிகை ஒவ்வொன்றையும் வெங்காயம் வெட்டிக்கொண்டே பாடமாக்கினாள்.

கோபாலசிங்கமும் சும்மா இருக்கவில்லை. வாசலில் தன் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து சிவனொளிபாதமலை வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினார். கடிதங்கள் தப்பான மாடிகளுக்குப் போயின.

*

முதல் திருப்பத்தில் கோபாலசிங்கம் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு நூல்கட்டையை எடுத்தார். ஊசியும் கோத்தே வைத்திருந்தார்.

"சிஞ்ஞோரா, வழியில் ஓரிடத்தில் எல்லோரும் ஊசி நூலோடு நிற்பார்கள். நூல் நுனியைக் கட்டிவிட்டு, விட்டுக்கொண்டே மேலே போக வேண்டும். மிகப் பழைய வழக்கம்."

பாதையோரச் செடியில் நுனியைக் கட்டினார். நூலை விட்டுக்கொண்டே கம்பீரமாக நடந்தார். சிஞ்ஞோராவும் ஒரு விரலால் நூலைத் தொட்டபடி பின்னால் நடந்தார். மேலேயிருந்து ஒரு குட்டைக்கால் நாய் இறங்கி வந்தது. நாயைத் தொடர்ந்து அதன் சொந்தக்காரி வந்தாள். இரண்டு நிமிடம் கழித்து நாய், சொந்தக்காரி, கோபாலசிங்கம் மூவரும் ஒரே பொட்டலமாக இருந்தார்கள்.

ஞானம்பிகை பல்லால் நூலைக் கடித்து அறுத்து விடுவித்தாள்.

"நான் படித்ததில் நூல் வரவேயில்லை," என்றார் சிஞ்ஞோரா. "பன்னிரண்டு."

கோபாலசிங்கத்தின் முகம் சுருங்கியது. "பிள்ளை, சத்தியமா நூல் இருக்குது," என்றார் தமிழில்.

"இருக்கட்டுமே. மார்க் போடுறது நானோ?"

அடுத்த திருப்பத்தில் ஞானம்பிகை நின்றாள். மூச்சை இழுத்தாள். இனி அவளுடைய முறை.

"உச்சிக்குப் போகும் கடைசித் துண்டுக்குக் கேபிள் கார் இருக்கிறது, சிஞ்ஞோரா. முழங்காலைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம்."

"கேபிள் காரோ," என்று கோபாலசிங்கம் தமிழில் சிரித்தார். "அங்கையோ. சரி, இவள் முடிஞ்சாள்."

சிஞ்ஞோராவின் முகம் மலர்ந்தது. "மிகச் சரி. இருபத்தேழு."

கோபாலசிங்கத்தின் சிரிப்பு பாதி வழியில் நின்றது. அடுத்த கணமே ஆள் கட்சி மாறிவிட்டார்.

"ஓ, கேபிள் கார். இரண்டாம் தடவை போனபோது நானும் ஏறினேன், சிஞ்ஞோரா."

"முதல் தடவை?"

"திருத்த வேலை நடந்துகொண்டிருந்தது."

ஞானம்பிகை தன் கோட்டைக் கழற்றிச் சிஞ்ஞோராவின் தோளில் போட்டாள். "மேலே குளிரும். கோட்டுக் கொண்டுபோகத் தேவையில்லை. அங்கேயே வாடகைக்குக் கொடுப்பார்கள்."

"இருபத்தெட்டு."

"கோட்டு வாடகைக்கோ," என்று காதோரம் சீறினார் கோபாலசிங்கம். "எங்கட நாட்டிலயோ. கட்டுற சாறம் வாடகைக்கெண்டாலும் ஒரு கதை. எங்கை எடுத்தனீ உந்தப் பேய்க்கதையை?"

"போய்ப் பார்த்தனான் எல்லோ."

"நீ பார்த்த மலை கீரிமலை."

"நீங்கள் ஏறின உயரம் எங்கட குளியலறை ஏணி."

"அழகான பிரார்த்தனை," என்றார் சிஞ்ஞோரா. "இது கொஞ்சம் வேகமாக இருக்கிறதே."

கடைசி வளைவில் கோபாலசிங்கம் தன் துருப்புச்சீட்டை இறக்கினார். மலையுச்சியில் ஒரு மணி உண்டு. எத்தனை முறை ஏறினோமோ அத்தனை முறை அடிக்க வேண்டும். மணிக்கு எங்கே போவது? கட்டடத்தின் அத்தனை திறப்புகளும் கோத்த பெரிய வளையத்தை இடுப்பிலிருந்து எடுத்துச் சுவரில் இரண்டு தரம் மோதினார். கணீர் என்றது. கண்ணை மூடிக் கைகூப்பினார். பார்க்க உண்மையிலேயே உருக்கமாக இருந்தது. இறங்கி வந்த ஒரு ஜெர்மன் தம்பதி தாங்களும் கைகூப்பினார்கள்.

"பத்து," என்றார் சிஞ்ஞோரா.

கோபாலசிங்கம் வளையத்தை இடுப்பில் மாட்டினார். ஞானம்பிகைக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. மணி இருப்பது அவளுக்கும் தெரியும். ஊரில் போய்வந்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாள். மணிக்குப் பத்து, கோட்டுக்கு இருபத்தெட்டா? ஆனால் இருபத்தெட்டு வாங்கியவர் யாராவது விடைத்தாளைத் திருப்பித் தரச்சொல்லிக் கேட்பதுண்டா? உறுத்தலை விழுங்கிவிட்டு நடந்தாள்.

*

குகைக்கோயிலின் முன்னால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வறுத்த கடலையும் மெழுகுவர்த்தியும் விற்கும் கடைகள், சைக்கிள்காரர்கள், ஓட்டக்காரர்கள். ஓரத்தில் நகரப் பொலிஸ் கார் ஒன்று. அதன்மேல் சாய்ந்து ஓர் இளம் பொலிஸ்காரர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

சிஞ்ஞோரா ஒரு கல்லில் உட்கார்ந்து உள்ளங்கால்களைத் தடவிவிட்டார். "கடைசிக் கேள்வி. அந்த மலையில் மிகப் பெரிய ஆபத்து என்ன?"

"சறுக்கி விழுவது," என்றார் கோபாலசிங்கம்.

"குரங்கு," என்றாள் ஞானம்பிகை. "பையைப் பறிக்கும்."

"ஆகா," என்றார் சிஞ்ஞோரா. வகுப்பறைக் குரல் வந்துவிட்டது. "பறிக்க வந்தால் என்ன செய்வாய்?"

"இழுபறிப்படக் கூடாது, சிஞ்ஞோரா. கையை விரித்து, என்னிடம் ஒன்றுமில்லை என்று காட்ட வேண்டும். கத்தவும் கூடாது. கத்தினால் கடிக்கும்."

"செய்து பார்க்கலாம். யார் குரங்கு?"

ஞானம்பிகை பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கோபாலசிங்கம் முன்னால் வந்தார். தோற்றுக்கொண்டிருக்கும் மனிதனுக்கு ஒரு வேடம் கிடைத்தால் விடுவாரா?

"நான், சிஞ்ஞோரா. குரங்குகளோடு எனக்குப் பழக்கம் உண்டு. இரண்டு தடவை."

"அண்ணை, சும்மா தொட்டுப்போட்டு விடுங்கோ. ஓடாதேங்கோ."

"நீ சும்மா இரு. செய்யிறதை வடிவாச் செய்யவேணும்."

வடிவாகத்தான் செய்தார். முதுகைக் கூனினார். முழங்காலை மடித்தார். இரண்டு துள்ளலில் வந்து சிஞ்ஞோராவின் கைப்பையைப் பற்றினார். சிஞ்ஞோரா பாடத்தின்படி கையை விரித்தார். இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்தி, சத்தமில்லாமல், வெறுங்காலோடு நின்றார். கோபாலசிங்கம் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடலைக்கடைப் பக்கம் பாய்ந்தார்.

தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு வேறு கதை தெரிந்தது. பாவம் ஒரு கிழவி, சப்பாத்துக்கூட இல்லை, கைகளை உயர்த்தியபடி. ஓடுகிறான் ஒருவன், அவள் பையோடு.

"பிடியுங்கள்," என்றது ஒரு குரல்.

கடலைக்காரர் ஒரு கோப்பைக் கடலையை எறிந்தார். ஒரு கன்னியாஸ்திரி குடையை நீட்டினார். ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் இளஞ்சிவப்புச் சட்டை போட்ட ஓட்டக்காரன் ஒருவன், பின்னாலிருந்து பறந்து வந்து கோபாலசிங்கத்தின் இடுப்பைப் பிடித்தான். இருவரும் உருண்டார்கள். திறப்பு வளையம் மறுபடி கணீர் என்றது.

இளம் பொலிஸ்காரர் கோப்பியைக் கார்க் கூரையில் வைத்துவிட்டு வந்துசேர்ந்தார்.

"பெர்மெஸ்ஸோ எங்கே?" என்றார் கோபாலசிங்கத்தைப் பார்த்து. வதிவிட அனுமதி அட்டை. அது கண்ணாடி அறை மேசைக்குள், வேறு காற்சட்டையோடு பத்திரமாக இருந்தது.

ஞானம்பிகை அசையாமல் நின்றாள். அவள் வாயைத் திறக்காவிட்டால் கோபாலண்ணை பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்குப் போவார், பகல் முழுக்க அங்கேயே கிடப்பார். பரீட்சையும் அத்தோடு முடியும். ஆலாத்தித் தட்டு அவள் கைக்கு வந்துவிட்ட மாதிரித்தான். ஒரே ஒரு கணம் அந்தத் தட்டின் பாரத்தைக் கையில் உணர்ந்தாள். பிறகு கோபாலண்ணையைப் பார்த்தாள். தலைமயிரில் கடலை ஒட்டியிருந்தது.

அவள் ஓடத் தொடங்குவதற்குள் சிஞ்ஞோரா முந்திக்கொண்டார்.

"விடுங்கள் அவரை. அவர் திருடர் இல்லை. அவர் குரங்கு."

பொலிஸ்காரரின் காது சிவந்தது. குரலைத் தாழ்த்தினார்.

"சிஞ்ஞோரா, உங்கள் வயதுக்கு மரியாதை கொடுக்கிறேன். ஆனால் ஒரு மனிதரைப் பார்த்து அப்படிச் சொல்லக் கூடாது. அந்தக் காலம் போய்விட்டது. அது குற்றம்."

"என்ன குற்றம்? அவரே கேட்டு வாங்கிய வேடம்."

"இல்லை ஐயா, நான் குரங்குதான்," என்றார் தரையில் கிடந்த கோபாலசிங்கம். "விருப்பத்தோடுதான்."

பொலிஸ்காரர் அவரைத் தூக்கி நிறுத்தினார். தோளில் கைவைத்தார். கண்கள் கலங்கிவிட்டன. "நீங்கள் பயப்பட வேண்டாம். உங்களை எவ்வளவு காலமாக இப்படி நடத்துகிறார்கள்? முறைப்பாடு கொடுக்கலாம். நான் கூட வருகிறேன்."

"என் பரம்பரையே குரங்கு என்று சொன்னாலும் பரவாயில்லை, என்னைப் பரீட்சையை முடிக்க விடுங்கள்," என்று கோபாலசிங்கம் கெஞ்சியது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. கன்னியாஸ்திரி சிலுவை போட்டுக்கொண்டார். ஓட்டக்காரன் தானே வந்து மன்னிப்புக் கேட்டான்.

இனிச் சொல்லி விளங்கவைக்க முடியாது. ஞானம்பிகை பொலிஸ்காரருக்கு நேரே போய் நின்றாள்.

"இப்போது நீங்கள்தான் சிஞ்ஞோரா. நான்தான் குரங்கு. பாருங்கள்," என்றவள், பொலிஸ்காரரின் தொப்பியைப் பறித்தாள். மலையே மூச்சை அடக்கிக்கொண்டது. "இழுபறிப்படாதீர்கள். கையை விரியுங்கள். ஒன்றுமில்லை என்று காட்டுங்கள். கத்தினால் கடிப்பேன்."

பொலிஸ்காரர் கையை விரித்தார். ஏன் விரித்தார் என்று அவருக்கே தெரியாது. ஞானம்பிகை கடலைக்கடைவரை துள்ளிப் போனாள், தொப்பியை மோந்து பார்த்தாள், தின்ன ஒன்றுமில்லை என்று கண்டாள், அலுத்துப்போய்த் திரும்பி வந்து அவர் காலடியில் போட்டாள்.

"இவ்வளவுதான். மே மாதம் மலைக்குப் போகிறோம். அங்கே குரங்குகள் இருக்கின்றன. ஒத்திகை பார்த்தோம்."

முதலில் கடலைக்காரர் சிரித்தார். பிறகு கன்னியாஸ்திரி. பொலிஸ்காரர் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு, இனிமேல் ஒத்திகையை வீட்டில் வைத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு, ஆறிப்போன கோப்பியிடம் திரும்பினார்.

சிஞ்ஞோரா எழுந்து நின்றார். தீர்ப்புச் சொல்லும்போது அவர் உட்கார்ந்திருந்ததேயில்லை.

"கோபாலா, குரங்காக முப்பது. மனிதராகத் தோல்வி. ஞானா, உனக்கு முப்பது. அதற்குமேல் பாராட்டும். என் உத்தியோக காலத்தில் நான் அதை மூன்று பேருக்குத்தான் கொடுத்தேன்; ஒருவர் இறந்துவிட்டார். நீ அந்த மலைக்குப் போயிருக்கிறாய் என்பதில் சந்தேகமேயில்லை. என்னோடு வருகிறாய்."

ஞானம்பிகைக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

*

கோபாலசிங்கம் தலையிலிருந்த கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஞானம்பிகையைப் பார்க்காமல் தொலைவில் தெரிந்த கடலைப் பார்த்தார்.

"நீ வாய் திறக்காமல் நிண்டிருக்கலாம்."

"நினைச்சனான்."

"தெரியும். முகத்தில தெரிஞ்சது." கொஞ்ச நேரம் சப்பினார். "சரி, போறதுதான் போறாய். கொக்குவிலுக்கு ஒருக்காப் போய் என்ர வேலியை அளந்து படமெடுத்து அனுப்பு. அவன் சிரிச்சுக் கதைப்பான், தேத்தண்ணி தருவான். குடிக்காதை. முதல் வேலியை அள."

"அளக்கிறன், அண்ணை."

"கிணத்தடியில இருந்து அள."

"ஓம், ஓம்."

அவள் போனை எடுத்தாள். யாழ்ப்பாணத்தில் மத்தியானம் தாண்டியிருக்கும். முதல் மணியிலேயே அக்கா எடுத்தாள்.

"அக்கா, வாறன்."

"எங்கை வாறாய்?"

"கலியாணத்துக்கு. சிஞ்ஞோராவோட. ரிக்கற்றும் அவதான். மலையை முடிச்சுக்கொண்டு நேரே அங்கை வாறன்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது. பிறகு அக்காவின் குரல், வாயைக் கையால் பொத்திக்கொண்டு கதைப்பதுபோல. "சும்மா சொல்லாதை, ஞானம். நான் உனக்கெண்டு எடுத்த சேலையை இண்டைக்குத்தான் அலுமாரியில திருப்பி வைச்சனான்."

"வெளியில எடுங்கோ."

"சுலக்சனா, சித்தி வாறாவாம். இஞ்சை வா, சித்தி வாறாவாம். எடியே, ஞானம், நிலபாவாடை விரிக்கவும் ஆள் இல்லையெண்டவை, நான் இப்பவே எல்லாருக்கும் சொல்லப்போறன். மாமா வீட்டுக்கும் சொல்லப்போறன். மாறமாட்டியே?"

"மாறமாட்டன், அக்கா. பாஸ் பண்ணிப்போட்டன்."

போனை வைத்தபோது கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொண்டாள். சிஞ்ஞோரா கல்லில் உட்கார்ந்து காலை நீட்டிக் காத்திருந்தார். ஞானம்பிகை குனிந்து சப்பாத்துகளை அணிவிக்கத் தொடங்கினாள், இரண்டையும் அவளே. கோபாலண்ணை இப்போது குறுக்கே வரவில்லை.

"நாளைக்குக் காலையில் முதல் வேலையாகப் புகைப்படம் எடுத்துவிடு, ஞானா," என்றார் சிஞ்ஞோரா. "விசாவுக்கு. எனக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். உன்னுடைய பாஸ்போர்ட்டுக்குத்தான் தேவையாம்."

ஞானம்பிகை சிரித்துவிட்டாள். பாவம், படித்த மனுஷி. ஆனால் இந்த விஷயங்கள் எப்படித் தெரியும்?

"எனக்கு எதற்கு விசா, சிஞ்ஞோரா? என்னுடைய சொந்த நாட்டுக்குப் போக நான் விசா எடுக்க வேண்டுமா?"

சிஞ்ஞோரா எர்சிலியா கண்ணாடியைச் சற்றுக் கீழே இறக்கி, தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளும் ஆவலோடு அவளைப் பார்த்தார்.

"உன் நாடு எப்போது சீனாவோடு சேர்ந்தது?"